சாராய வருவாயும் இளைப்பாற்று நிதியும்: கல்முனைக் கரையோரத்தை முன்வைத்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

1. தோற்றுவாய்

மதுவைப் பற்றி நம்மிடையே எழுந்துள்ள எழுத்துகள் பெரும்பாலும் இரு வழிகளிலேயே நடந்து வந்துள்ளன. ஒன்று, குடியைத் தனிமனித ஒழுக்கத்தின் சிதைவாகக் காணும் அறநூல் வழி. மற்றையது, அதனை உடலின் நோயாகக் காணும் மருத்துவ வழி. இவ்விரண்டும் தத்தம் அளவில் பயனுடையனவே. ஆயின், குடிப்பவனின் கையிலிருந்து புறப்படும் நாணயம் எங்கெங்கு சென்று சேர்கிறது, அதனால் யார் முதுமையில் உண்கிறார், யார் முதுமையை எய்தாமலே மடிகிறார் என்னும் வினாவை இவ்விரு வழிகளும் எழுப்புவதில்லை. அவ்வினா அரசிறை பற்றியது. எனவே வர்க்க உறவுகள் பற்றியது.

தமிழ் மரபில் இவ்வினாவுக்கு இடமில்லை என்று கூறுவதற்கில்லை. வள்ளுவர் கள்ளுண்ணாமையை அறத்துப்பாலில் வைக்கவில்லை. வரைவின் மகளிருக்கும் சூதுக்கும் இடையில், 93ஆம் அதிகாரமாகப் பொருட்பாலிலேயே வைத்தார் என்பது மனங்கொள்ளத்தக்கது. அதாவது, குடி என்பது அரசும் பொருளும் பற்றிய இயலுக்குரிய விடயமாக அவருக்குத் தோன்றியிருக்கிறது. அதற்கு முற்பட்ட சங்கச் செய்யுட்களில் கள் தலைவன் பாணருக்கும் மறவருக்கும் வழங்கும் கொடையாக இடம்பெறுகிறது. அக்கொடை உறவின் சமூக அடிப்படையைப் பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் வெளிவந்த தமது வீரயுகக் கவிதை பற்றிய நூலில் விரிவாக விளக்கியுள்ளார். தலைவன் ஊட்டிய கள், பிற்காலத்தில் அரசு விற்கும் சாராயமாக மாறியமையே நாம் ஈண்டு நோக்கவிருக்கும் வரலாறு. கொடையாக இருந்தது வரியாக மாறியபோது, மது உழைப்பவனிடமிருந்து பெறுவதற்கான ஒரு கருவியாயிற்று.

இக்கட்டுரை, அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் மருதமுனை முதல் பொத்துவில் வரை நீளும் தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்களை, சிறப்பாகக் கல்முனைப் பகுதியை, நோக்குநிலையாகக் கொண்டு இவ்வரலாற்றை அணுகுகிறது. மது விலக்கப்பட்ட ஒரு சமூகத்தை இவ்வாய்வுக்குத் தெரிவு செய்வது முரணாகத் தோன்றலாம். உண்மையில் அம்முரணே நமக்குப் பயன்படுகிறது. குடிக்காதவனின் முதுமைக்கும் குடிப்பவனின் செலவுக்கும் உள்ள தொடர்பு, குடி கண்ணுக்குத் தெரியாத இடத்திலேயே மிகத் தெளிவாகப் புலப்படும்.

2. குத்தகையிலிருந்து திணைக்களத்துக்கு

ஒல்லாந்தர் காலத்திலேயே நிலவிய சாராயக் குத்தகை முறையை ஆங்கிலேயர் பெருக்கி நடத்தினர். குறித்த ஒரு பிரதேசத்தில் சாராயம் விற்கும் உரிமை ஏலத்தில் விடப்பட்டது. ஏலத்தை எடுத்த குத்தகைக்காரர் அரசுக்கு ஒப்புக்கொண்ட தொகையைச் செலுத்திவிட்டு, அதற்கு மேற்பட்டதைத் தமதாக்கிக் கொண்டார். இம்முறையின் உள்ளார்ந்த தருக்கம் எளியது. கூடுதலாக விற்றால் கூடுதல் இலாபம். ஆகவே, மக்களைக் கூடுதலாகக் குடிக்கச் செய்வதில் குத்தகைக்காரருக்கும் அரசுக்கும் ஒத்த அக்கறை இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பரவியபோது தவறணைகளும் அவற்றோடு பரவின. தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்ட தொழிலாளர் பெற்ற கூலியின் ஒரு பகுதி, தவறணை வழியாகத் திரும்பவும் அரசிறையை அடைந்தது.

இக்குத்தகையே இலங்கை முதலாளி வர்க்கத்தின் ஆரம்ப மூலதனத் திரட்டலுக்கு முதன்மையான ஊற்றுகளில் ஒன்றாக விளங்கியது என்பதைக் குமாரி ஜயவர்த்தன தமது ஆய்வுகளில் நிறுவியுள்ளார். டி சொய்சா குடும்பம் போன்ற பெருங்குடும்பங்களின் செல்வத்துக்குப் பின்னால் சாராயக் குத்தகை இருந்தது. தோட்டம், காரீயம், காணி ஆகிய துறைகளில் பின்னர் இடப்பட்ட முதலில் ஒரு பங்கு, உழைக்கும் மக்களின் குவளையிலிருந்து வந்தது.

1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் இம்முறையை மாற்றியமைத்தது. சாராயமும் கள்ளும் வேறாக்கப்பட்டு, கள்ளுத் தவறணைகள் நாடெங்கும் தனியாகத் திறக்கப்படலாயின. இதற்கெதிராக எழுந்த மதுவிலக்கு இயக்கம் 1904இல் தோன்றிய முதலலையைவிடப் பன்மடங்கு வலிமை வாய்ந்ததாக இருந்தது. எவ். ஆர். சேனநாயக்க, டி. எஸ். சேனநாயக்க, டி. பி. ஜயதிலக்க முதலியோர் இதன் முன்னணியில் நின்றனர். குடியேற்ற அரசுக்கு எதிரான முதல் வெகுசன இயக்கம் என்று இதனைக் கூறலாம். வருவாயின் நரம்பில் கைவைத்த இயக்கமாதலின் அரசு இதனை ஐயத்துடனேயே நோக்கியது. 1915இல் முஸ்லிம்களுக்கெதிரான வன்செயல்கள் வெடித்து இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபோது, இவ்வியக்கத்தின் தலைவர்கள் சிறையிடப்பட்டனர்.

ஈண்டு ஒரு வரலாற்று முரண் கவனிக்கத்தக்கது. மதுவைத் தம் மார்க்கத்தாலேயே விலக்கிய முஸ்லிம் சமூகம், மதுவிலக்கு இயக்கத்தின் இயல்பான தோழனாகியிருக்க வேண்டும். ஆயின் அவ்வியக்கத்தைச் சூழ்ந்திருந்த தேசியச் சிந்தனை, அநகாரிக தர்மபாலாவின் எழுத்துகளிற் காண்பதுபோல, முஸ்லிம் வணிகனை அந்நியச் சுரண்டலாளனாகச் சித்திரித்தது. சாராயத்தால் செல்வம் திரட்டிய உள்ளூர் முதலாளி தப்பிக்கொள்ள, சில்லறைக் கடைக்காரன் பகைவனாக்கப்பட்டான். பொருளியல் காரணத்தை இன அடையாளத்தால் மறைக்கும் இப்போக்கு அன்றோடு முடிந்துவிடவில்லை.

சுதந்திரத்துக்குப் பின்னர் மது உற்பத்தியில் அரசு நேரடியாக இறங்கியது. 1974இல் அமைக்கப்பட்ட அரச வடிசாலைக் கூட்டுத்தாபனம் 1989இல் கம்பனியாக மாற்றப்பட்டு, 1992இல் தனியார் கைக்குச் சென்றது. இலாபம் தனியாருக்கும் வரி அரசுக்கும் என்ற பழைய குத்தகைப் பிரிவினை, இவ்வாறு புதிய உருவில் மீண்டது எனலாம்.

3. முதுமைக்கால ஊதியம் யாருக்குக் கிட்டியது?

இனி மறுபக்கத்தை நோக்குவோம். தொழிலாளியின் முதுமைக்கு அரசு பொறுப்பேற்கும் முறை ஜேர்மனியில் 1889இல் பிஸ்மார்க்கின் காலத்தில் சட்டமாயிற்று. சமூக ஜனநாயக இயக்கத்தின் வளர்ச்சியைத் தடுப்பதே அதன் அரசியல் நோக்கம். வயதெல்லை 70, பெரும்பாலான தொழிலாளர் எட்டாத வயது. பிரித்தானியா 1908இல் முதியோர் ஓய்வூதியச் சட்டத்தை இயற்றியது. 70 வயதைக் கடந்த வறியோருக்கு வாரம் 5 சிலிங் வழங்கிய அச்சட்டம், குடிகாரர் எனச் சட்டத்தின்கீழ்த் தீர்ப்பளிக்கப்பட்டோரைத் தகுதியிழக்கச் செய்யவும் இடமளித்தது. அடுத்த ஆண்டே லொயிட் ஜோர்ஜ் தமது வரவு செலவுத் திட்டத்தில், இவ்வோய்வூதியத்தின் செலவையும் போர்க்கப்பல்களின் செலவையும் ஈடுசெய்ய, மதுவின் மீதான தீர்வையையும் மதுக்கடை அனுமதிக் கட்டணங்களையும் உயர்த்தினார். குடிகாரனுக்கு ஓய்வூதியம் இல்லை. ஆனால் ஓய்வூதியத்துக்குக் குடிகாரனின் பணம் வேண்டும். முதலாளித்துவ அரசின் இரட்டை நாக்கை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

இலங்கையில் ஓய்வூதியம் அரச உத்தியோகத்தின் சலுகையாகவே தோன்றியது. ஆங்கிலேய உத்தியோகத்தர் ஓய்வுபெற்றுத் தம் நாடு திரும்பிய பின்னரும், அவர்தம் ஓய்வூதியம் இத்தீவின் வருவாயிலிருந்தே சென்றது. அவ்வருவாயில் சாராயக் குத்தகைப் பணமும் கலந்திருந்தது. 1898ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் உத்தியோகத்தரின் விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் ஓய்வூதிய நிதியம் ஒன்றை ஏற்படுத்தியது. ஏனைய மக்களுக்கு எதுவுமில்லை. 1939ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டம்கூடக் கொழும்பு, கண்டி, காலி ஆகிய மாநகரங்களையே கருத்திற் கொண்டது. தனியார் துறைத் தொழிலாளருக்கு 1958இலேயே ஊழியர் சேமலாப நிதி வந்தது.

கல்முனைக் கரையோரத்தில் இச்சலுகை நுழைந்த வழி கல்வியாகும். 1942இல் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் உணவு உற்பத்திப் பணிக்கென உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரோடு அவருக்கு ஏற்பட்ட தொடர்பும், அவர் கல்முனையில் தோற்றுவித்த முஸ்லிம் கல்விச் சங்கமும், 1945இல் அவர் முன்னின்று அமைத்த முஸ்லிம் புலமைப் பரிசில் நிதியும் இப்பகுதியின் சமூக வரலாற்றில் திருப்புமுனைகள். இலவசக் கல்வியும் அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையும் சேர்ந்து ஓர் ஆசிரிய வர்க்கத்தை உருவாக்கின. அதுகாறும் நெற்காணி உடைய போடியாரும் வணிகருமே மதிப்புப் பெற்றிருந்த ஊர்களில், 'பென்சன் உள்ள உத்தியோகம்' புதிய மதிப்பீடாயிற்று. திருமணப் பேச்சில் காணிக்கும் வீட்டுக்கும் நிகராக அது வைத்து எண்ணப்பட்டது.

ஆயின் ஊரின் பெரும்பான்மையினர் யார்? போடியாரின் வயலில் கூலியுழைக்கும் முல்லைக்காரர், கரைவலை இழுப்போர், மருதமுனையின் கைத்தறியில் நெய்வோர். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் நீரைக் கொணர்ந்தது. ஆயினும் காணியற்றவர் காணியற்றவராகவே பலர் எஞ்சினர். இவர்களுக்கென 1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தால் விவசாயிகள் ஓய்வூதியமும், 1990ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தால் மீனவர் ஓய்வூதியமும் ஏற்படுத்தப்பட்டன. இவை பங்களிப்பு முறையிலானவை. போகம் தவறினால் தவணைப் பணம் தவறும்; கடல் பொய்த்தால் பங்களிப்புப் பொய்க்கும். 2010களின் தொடக்கத்தில் விவசாயிகள் ஓய்வூதிய நிதி வற்றிக் கொடுப்பனவு தடைப்பட்டது. 2014இலேயே அது மீண்டும் தொடங்கியது. இதற்குக் குடி காரணமன்று. உழைப்பின் நிலையற்ற தன்மையை நிலையான பங்களிப்பால் ஈடுசெய்யலாம் எனக் கருதிய திட்டத்தின் அடிப்படைக் குறையே காரணம்.

4. கணக்கின் தருக்கம்

மிகுகுடி ஓய்வூதிய நிதியை எவ்வாறு பாதிக்கிறது? அரசிறை அறிஞர் சிலர் இவ்வினாவுக்கு இரக்கமற்ற ஒரு விடையைத் தந்துள்ளனர். குடிப்பவன் உழைக்கும் பருவத்தில் வரி செலுத்துகிறான்; ஓய்வூதியம் பெறும் பருவம் வருமுன்னரே, அல்லது வந்த சில ஆண்டுகளிலேயே இறந்துவிடுகிறான்; ஆகவே அவனால் நிதிக்கு மிச்சமே என்பது அவ்விடை. புகைத்தல் பற்றி இத்தகைய கணக்கைப் புகையிலை நிறுவனம் ஒன்றே வெளியிட்ட வரலாறு உண்டு. 2001இல் பிலிப் மொறிஸ் நிறுவனத்துக்காகச் செக் நாட்டில் தயாரிக்கப்பட்ட அறிக்கை, புகைப்போரின் முந்திய மரணத்தை அரச நிதிக்குக் கிட்டிய மிச்சமாகக் காட்டியது. உலகெங்கும் கண்டனம் எழுந்த பின்னர் நிறுவனம் மன்னிப்புக் கோர நேர்ந்தது.

மதுவைப் பொறுத்தவரை இக்கணக்கு தன் தருக்கத்திலேயே தோற்றுவிடுகிறது. 1989இல் ஐக்கிய அமெரிக்காவில் வில்லார்ட் மானிங்கும் துணைவரும் வெளியிட்ட ஆய்வு, புகைப்போர் தாம் பிறர் மீது சுமத்தும் செலவை வரியால் ஏறத்தாழ ஈடுசெய்கின்றனர். குடிப்போர் செலுத்தும் வரியோ ஏறத்தாழப் பாதியையே ஈடுசெய்கிறது என்று கண்டது. வீதி விபத்தில் குடிக்காதவரும் மாள்கின்றனர் என்பது அதன் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. இன்னொன்றையும் கருத வேண்டும். புகையின் தீங்கு பெரும்பாலும் உழைக்கும் பருவத்தின் இறுதியில் வெளிப்படுகிறது. மிகுகுடியின் தீங்கோ உழைக்கும் பருவத்தின் நடுவிலேயே தொடங்குகிறது. வேலைநாள் இழப்பு, வேலையிழப்பு, உடல் வலுவிழப்பு என்று வரிசையாக வரும் இவை பங்களிப்பைக் குறைத்துக் கொடுப்பனவை முற்படுத்துகின்றன.

நம் நாட்டு ஏற்பாடுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். அரச ஓய்வூதியம் தனி நிதியம் எதிலிருந்தும் வழங்கப்படுவதன்று. திரட்டு நிதியிலிருந்து ஆண்டுதோறும் ஒதுக்கப்படுவது. குடியால் நலிந்த உத்தியோகத்தர் ஒருவர் ஐம்பத்தைந்து வயதில் இறந்தால் அவருடைய ஓய்வூதியம் நின்றுபோகலாம்; ஆயின் விதவைகள், தபுதாரர், அநாதைகள் ஓய்வூதியம் தொடங்கிவிடுகிறது. இலங்கையில் பெண்கள் ஆண்களைவிடச் சராசரியாகப் பல ஆண்டுகள் கூடுதலாக வாழ்கின்றனர். எனவே அக்கொடுப்பனவு நீள்கிறது. 'மிச்சம்' என்று கருதப்பட்டது இடம்மாறிய செலவேயாகும். அவரைப் பயிற்றுவிக்கச் செலவான சமூக வளமோ திரும்பி வருவதில்லை.

ஊழியர் சேமலாப நிதியில் நிலை வேறு. தொழிலாளி 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் செலுத்தும் அந்நிதியில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு உண்டு; ஒருவருடைய முந்திய மரணத்தால் இன்னொருவருக்கு ஆதாயமில்லை. குடியால் இடையறுந்த தொழில் வாழ்வு என்பது மெலிந்த கணக்கு. அதன் விளைவைச் சுமப்பது குடும்பம். அந்நிதியின் பெரும்பகுதி அரச பிணையங்களிலேயே இடப்பட்டுள்ளது. அதற்குரிய வட்டியை அரசு தன் வரி வருவாயிலிருந்து செலுத்துகிறது. அவ்வரியின் பெரும்பகுதியோ மறைமுக வரி. ஆக, தொழிலாளியின் சேமிப்புக்கு வட்டி தருவதும் தொழிலாளியின் நுகர்வே.

தொகைகளை ஒப்பிடுவோம். 2022ஆம் ஆண்டில் மதுபானத்தின் மீதான வரியால் அரசு பெற்றது ஏறத்தாழ 16,500 கோடி ரூபாய். மொத்த வரி வருவாயில் இது பத்திலொரு பங்கை அண்மியது. அவ்வாண்டில் அரச ஓய்வூதியத்துக்குச் செலவானது 30,000 கோடி ரூபாய்க்கு மேல். மது வரி முழுவதையும் ஓய்வூதியத்துக்கென ஒதுக்கினாலும் அதில் ஏறத்தாழப் பாதியே நிறையும். சாராயம் இல்லாவிடின் அரசு இயங்காது என்னும் வாதமும், சாராயப் பணத்தால் முதியோர் வாழ்கின்றனர் என்னும் வாதமும் இவ்வளவில் மிகையானவை. ஆயினும் அரசு அவ்வருவாயைக் கைவிடத் துணியாத அளவுக்கு அது பெரியது என்பதும் உண்மை.

சோவியத் ஒன்றியத்தின் அனுபவமும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. சோசலிச அரசு ஒன்றும் வொட்கா வருவாயில் தங்கியிருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. 1985இல் கொர்பச்சேவ் தொடங்கிய மதுக் கட்டுப்பாட்டு இயக்கம் வரவு செலவில் பெரும் துளையை ஏற்படுத்தியது. அதேவேளை ரஷ்ய ஆண்களின் சராசரி ஆயுள் 1987 அளவில் ஏறத்தாழ 65 ஆண்டாக உயர்ந்தது. இயக்கம் கைவிடப்பட்டு, சந்தைப் பொருளாதாரம் திணிக்கப்பட்டு, வேலையும் பாதுகாப்பும் குலைந்த பின்னர், 1994இல் அது 58க்கும் கீழே சரிந்தது. ஆண்களின் ஓய்வு வயது அப்போது 60. சராசரி ரஷ்ய ஆண், புள்ளிவிவரத்தின்படி, தன் ஓய்வூதியத்தைக் காணாமலே இறந்தான். குடி காரணமா, சமூகச் சிதைவு காரணமா என்று பிரித்துக் கேட்பது பொருந்தாது. 1845இல் ஏங்கெல்ஸ் இங்கிலாந்துத் தொழிலாளரின் நிலைமை பற்றி எழுதிய நூலில் காட்டியதுபோல, வாழ்நிலையே குடியைத் தேவையாக்குகிறது; குடி அவ்வாழ்நிலையை மேலும் சிதைக்கிறது.

இவ்விடத்தில் கோட்பாட்டு நிலையொன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். ஓய்வூதியம் அரசின் தயவன்று, முதலாளியின் கொடையுமன்று. அது ஒத்திவைக்கப்பட்ட கூலி. உழைப்புச் சக்தியின் விலையில் ஒரு பகுதி உழைக்கும் நாளில் கொடுக்கப்படாது, உழைக்க இயலா நாளுக்கென நிறுத்தி வைக்கப்படுகிறது. எனவே முந்திய மரணத்தை நிதியின் 'மிச்சம்' எனக் கணக்கிடுவது, கொடுக்க வேண்டிய கூலியைக் கொடாதுவிட்டதை இலாபமாக எழுதுவதேயாகும். கணக்குப் புத்தகத்தில் அது வரவாகத் தோன்றலாம். வர்க்க உறவின் மொழியில் அதன் பெயர் சுரண்டல்.

5. கரையோரத்தின் முரண்பாடு

கல்முனைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் மது ஹறாம் என்பது வாழ்வியல் நெறி. மதுக்கடை ஊருக்குள் அமைவதைப் பள்ளிவாசல் நிருவாகங்களும் ஊர்மக்களும் பொதுவாக ஏற்பதில்லை. இந்நெறியின் சமூகப் பயனைக் குறைத்து மதிப்பிடலாகாது. நாட்கூலி பெறுபவனின் கூலி அன்றிரவே தவறணைக்குச் செல்லாது வீட்டை அடைவது சிறு விடயமன்று. ஆயினும், 'நாம் குடிப்பதில்லை. ஆகவே இது நமது பிரச்சினையன்று' என்ற மனநிறைவு வரலாற்றறிவின்மையின் பாற்பட்டது. திரட்டு நிதிக்குச் சமயம் இல்லை. அதில் வந்து கலக்கும் ரூபாய் எங்கிருந்து வந்தது என்பதை, அதிலிருந்து மாதந்தோறும் ஓய்வூதியம் பெறும் ஆசிரியர் பிரித்தறிய முடியாது. மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளியும், கல்லோயாக் குடியேற்றத்துச் சிங்கள விவசாயியும், அயலூர்த் தமிழ் மீனவரும் செலுத்திய மது வரி அதில் இருக்கிறது.

இதனைக் குற்றவுணர்வின் மொழியில் பேசுவதால் பயனில்லை. ஓய்வூதியம் ஆசிரியரின் உழைப்புக்குரியது. அதனைப் பெறுவதில் இழிவேதுமில்லை. இழிவு, மறைமுக வரியால் வறியவரிடம் கூடுதலாகப் பெற்று, பாதுகாப்பு உள்ளவருக்கே பாதுகாப்பைத் தரும் அமைப்பில் இருக்கிறது. குடிப்பவருள் பெரும்பாலோர்க்கு ஓய்வூதியமில்லை. ஓய்வூதியம் பெறுவோருள் பலர் குடிப்பதில்லை. இதே கரையோரத்தில், குடிக்காத முல்லைக்காரரும் கரைவலைத் தொழிலாளியும் முதுமையில் கையேந்த நேர்வதையும் காண்கிறோம். ஆகவே, ஒழுக்கம் முதுமையைக் காப்பதில்லை. சமூக உரிமையே காக்கும். ஸகாத்தும் ஊரவர் உதவியும் பசியை ஆற்றலாம். அவை உரிமையின் இடத்தை நிரப்ப இயலா.

இன்னொரு தொடர்பும் இம்மாவட்டத்துக்கே உரியது. மது அருந்தாத கரையிலிருந்து அதிக தொலைவில்லாத கல்லோயாப் பள்ளத்தாக்கில் ஹிங்குறாணைச் சீனி ஆலை இருக்கிறது. சீனி எடுத்தபின் எஞ்சும் கழிப்பாகு எரிசாராயத்துக்கு மூலப்பொருள். 1990களில் மூடப்பட்ட அவ்வாலை பின்னர் அரசும் தனியாரும் கூட்டாக நடத்தும் நிறுவனமாக மீண்டும் இயங்கத் தொடங்கியது. கரும்பு பயிரிடும் சிறுவிவசாயி, எரிசாராயம் வாங்கும் வடிசாலை, அதனைக் குடிக்கும் தொழிலாளி, வரி பெறும் அரசு, அவ்வரியில் ஒரு துளியைப் பெறும் ஓய்வூதியக்காரர் என ஒரே சங்கிலி இம்மாவட்டத்தின் வழியாகவே செல்கிறது. இன எல்லைகளும் சமய எல்லைகளும் அச்சங்கிலியை அறுப்பதில்லை.

6. முடிவுரை

நாம் மேலே கண்டவற்றைத் தொகுத்துக் கூறின், மிகுகுடி ஓய்வூதிய நிதியைக் காப்பாற்றுகிறது என்பது பொய். ஒழுக்கம் குன்றிய குடிகாரனே அந்நிதியைச் சிதைக்கிறான் என்பது அரைகுறை உண்மை. மது வரியை உயர்த்துவதால் மட்டும் தீர்வு வராது. விலையேற்றம் வறியவரைக் கசிப்பின் பக்கம் தள்ளும் அபாயத்தை அனுபவம் காட்டியுள்ளது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் புகையிலை, மதுசாரம் தொடர்பான தேசிய அதிகாரசபையை நிறுவிய அதே அரசு, ஒவ்வோர் ஆண்டும் மதுவரித் திணைக்களத்துக்கு உயர்ந்த வருவாய் இலக்கை விதிக்கிறது. ஒரு கை தடுக்க, மறுகை ஏந்துகிறது.

வேண்டப்படுவன இரண்டு. ஒன்று, வயலிலும் கடலிலும் தறியிலும் உழைத்தவர் எவராயினும், தவணை செலுத்த இயன்றதா இல்லையா என்று பாராது, முதுமையில் வாழ்வூதியம் பெறும் பொது உரிமை. மற்றையது, அவ்வுரிமைக்கான நிதியை வறியவனின் குவளையிலன்றிச் செல்வந்தனின் வருமானத்திலும் சொத்திலும் தேடும் நேரடி வரிமுறை. 1915இல் செய்தவாறு பொருளியல் காரணத்தை இனப் பகையாக மாற்றும் அரசியலுக்கு இடங்கொடாது, கல்முனையின் கூலியாளும் கல்லோயாவின் விவசாயியும் மலைநாட்டின் தோட்டத் தொழிலாளியும் தம் முதுமைக்கான கோரிக்கையை ஒன்றாக முன்வைக்கும்போதே இவை கைகூடும். அதற்கு முதற்படி, அவர்கள் மூவரும் ஏற்கெனவே ஒரே நிதிக்குச் செலுத்தி வருகின்றனர் என்பதை அறிவது.